ஒரு நீதிபதியை முழுதாகத் தேட முடியுமா? அயர்லாந்து கோர்ட்ஸ் சர்வீஸ் தீர்ப்புத் தளம்: ஒரு மதிப்பீடு

அயர்லாந்து நீதிமன்றங்களை நிர்வகிக்கும் கோர்ட்ஸ் சர்வீஸ், மேல் நீதிமன்றங்களின் தீர்ப்புகளைத் தன் இணையதளத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. வழக்கின் பெயரோ எண்ணோ கையில் இருந்தால் சில நொடிகளில் தீர்ப்பு திறந்துவிடும். வழக்கைத் தேடுகிறவர்களுக்கு இது நல்ல சேவை, அதில் இரண்டு பேச்சில்லை. நீதிபதியைத் தேடுகிறவர்களுக்கு எப்படி? ஒருவர் எத்தனை ஆண்டு எந்த இருக்கையில் இருந்தார், எதைத் தன் கையால் எழுதினார், எங்கே தனியாக நின்றார், எங்கே பிறர் எழுதியதற்கு ஒப்புதல் மட்டும் தந்தார் என்று ஒரு முழுப் பணிக்காலத்தைத் தொகுக்க இந்தத் தளம் உதவுமா என்பதுதான் இங்கே கேள்வி.

உரைகல்லாக எடுத்துக்கொண்டது சூசன் டென்ஹாமின் பணிக்காலம். 1971இல் வழக்குரைஞர், 1987இல் மூத்த வழக்குரைஞர், 1991இல் உயர் நீதிமன்ற நீதிபதி, 1992இல் உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதி, 2011 ஜூலை 25 முதல் தலைமை நீதிபதி, 2017 கோடையில் ஓய்வு. நீண்ட பணிக்காலம் என்பதால் தளத்தின் எல்லா மூலைகளையும் சோதித்துப் பார்க்க முடிகிறது. இன்னொரு காரணமும் உண்டு. 1995இல் அமைக்கப்பட்ட நீதிமன்ற ஆணையப் பணிக்குழுவுக்குத் தலைவர் அவர்தான். நீதிமன்ற நிர்வாகத்தை நீதித்துறை அமைச்சகத்திடமிருந்து பிரித்துத் தனி அமைப்பிடம் ஒப்படைக்க வேண்டும் என்று அந்தக் குழு பரிந்துரைத்தது. அதன்படி 1998இல் சட்டம் வந்து, 1999 நவம்பரில் கோர்ட்ஸ் சர்வீஸ் தொடங்கியது. நீதிமன்ற அமைப்பைப் பற்றிய தகவலைப் பொதுமக்களுக்குத் தருவது அதன் கடமைகளில் ஒன்று என்று அந்தச் சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. ஆகவே இந்தத் தளத்தை டென்ஹாமை வைத்து அளப்பது நியாயமான சோதனைதான்.

முதலில் நல்ல பக்கம். அயர்லாந்தில் 2001 வாக்கில் தீர்ப்புகளுக்கு நடுநிலை மேற்கோள் எண் வழக்கத்துக்கு வந்தது. ஆண்டு, நீதிமன்றத்தின் சுருக்கக் குறி, அந்த ஆண்டின் வரிசை எண் என்று மூன்றே உறுப்புகள். ஐஇஎஸ்சி என்றால் உச்ச நீதிமன்றம், ஐஇஎச்சி உயர் நீதிமன்றம், ஐஇசிஏ மேல்முறையீட்டு நீதிமன்றம். தேடலுக்கு எப்போதும் இந்த எண்ணையே முதலில் நம்புங்கள், வழக்கின் பெயரை நம்பாதீர்கள். பெயரில் கட்சிக்காரர் ஒருவரின் எழுத்துக்கூட்டல் பிசகினாலே தேடல் கைவிட்டுவிடும். குழந்தைகள், குடும்ப வழக்குகளில் பெயருக்குப் பதில் முதலெழுத்துகள்தான் இருக்கும். பழைய கட்டுரைகளின் அடிக்குறிப்பில் உள்ள இணைப்புகளும் உதவாது. தளம் புதுப்பிக்கப்பட்டபின் பழைய முகவரிகள் பல செத்துவிட்டன. அந்த அடிக்குறிப்பிலேயே மேற்கோள் எண் இருந்தால் அதைத் தேடல் பெட்டியில் இட்டால் போதும்.

தீர்ப்பின் முதல் பக்கத்தைப் படிப்பதில்தான் பாதி வேலை இருக்கிறது. அமர்வில் இருந்த நீதிபதிகளின் பெயர்ப் பட்டியல் ஒன்று, இந்தத் தீர்ப்பை எழுதியவர் பெயர் இன்னொன்று. இரண்டும் வேறு. டென்ஹாம் என்று உரைக்குள் தேடினால் அவர் எழுதியவை, அவர் அமர்ந்தவை, பின்னாளில் மற்றவர்கள் அவரை மேற்கோள் காட்டியவை மூன்றும் கலந்து வந்து கொட்டும். நீதிபதி பெயருக்கான வடிகட்டியைத் தனியாகப் பயன்படுத்தி, பிறகு ஒவ்வொன்றிலும் எழுதியவர் வரியைச் சரிபார்க்க வேண்டும். குறுக்கு வழி கிடையாது.

பல நீதிபதிகள் தனித்தனியே எழுதிய வழக்குகளில் இன்னும் ஒரு படி கவனம் வேண்டும். ஒரே எண்ணின் கீழ் நீதிபதிவாரியாகத் தனிக் கோப்புகள் இருக்கலாம். முதலில் திறப்பதை மட்டும் படித்துவிட்டு இதுதான் நீதிமன்றத்தின் முடிவு என்று எழுதியவர்கள் உண்டு. 2010ஆம் ஆண்டின் 3ஆம் எண் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு இதற்குச் சரியான பயிற்சி. நாடுகடத்தும் உத்தரவு ஒன்றை நீதிமன்றம் மறுஆய்வு செய்யும்போது, அடிப்படை உரிமை தொட்ட இடங்களில் விகிதப் பொருத்தத்தையும், அதாவது நடவடிக்கை அதன் நோக்கத்துக்குத் தேவையான அளவைத் தாண்டுகிறதா என்பதையும், பார்க்க வேண்டுமா என்பது கேள்வி. முடிவு மூன்றுக்கு இரண்டு. பார்க்க வேண்டும் என்று அப்போதைய தலைமை நீதிபதி மர்ரே, டென்ஹாம், ஃபென்னெலி ஒரு பக்கம், கியர்ன்ஸும் ஹார்டிமனும் மறுபக்கம். பெரும்பான்மையிலும் மூவரும் ஒரே சொற்களில் பேசவில்லை. ஹார்டிமனின் கோப்பை மட்டும் படித்தவர் சட்டத்தையே தலைகீழாகப் புரிந்துகொள்வார்.

பெயர்களில் ஒளிந்திருக்கும் கண்ணிகள் ஒரு தனி அத்தியாயத்துக்குப் போதும். நீதிபதியின் குடும்பப் பெயருக்குப் பின்னால் பதவியின் சுருக்கம் ஒட்டிக்கொண்டு வரும். 2011 ஜூலைக்கு முன் டென்ஹாமுக்கு வெறும் நீதிபதிச் சுருக்கம், அதன்பின் தலைமை நீதிபதிச் சுருக்கம். எனவே சுருக்கத்தையும் சேர்த்துத் தேடினால் பணிக்காலம் இரண்டாக உடைந்து, ஒரு துண்டுதான் கைக்கு வரும். அவருக்கு முன் தலைமை நீதிபதியாக இருந்த ஜான் மர்ரே விஷயம் இன்னும் வேடிக்கை. 1997 சட்டப்படி தலைமை நீதிபதி பதவிக்கு ஏழு ஆண்டு வரம்பு உண்டு. 2004இல் பதவியேற்ற மர்ரே 2011இல் அந்த நாற்காலியை விட்டு இறங்கினார், ஆனால் ஓய்வு பெறவில்லை. 2015 வரை அதே நீதிமன்றத்தில் சாதாரண நீதிபதியாகத் தொடர்ந்தார். ஆகவே 2012ஆம் ஆண்டுத் தீர்ப்பில் வரும் நீதிபதி மர்ரே, முன்னாள் தலைமை நீதிபதியேதான். 2022க்குப் பிறகு உச்ச நீதிமன்றத்தில் வரும் மர்ரே வேறொருவர், பிரையன் மர்ரே. கீன் என்ற பெயரிலும் இதே குழப்பம். ரோனன் கீன் 2000 முதல் 2004 வரை தலைமை நீதிபதி, டேவிட் கீன் பின்னாளில் உயர் நீதிமன்ற நீதிபதி. பார் என்ற பெயரில் உயர் நீதிமன்றத்தில் வெவ்வேறு காலத்தில் இருவர். பெயரோடு ஆண்டு வரம்பையும் சேர்த்துப் போடாவிட்டால் ஒருவர் கணக்கில் இன்னொருவர் தீர்ப்பு ஏறிவிடும்.

குற்றவியல் தீர்ப்புகள் விடுபடுவது அடுத்த குறை. 2014 வரை குற்றவியல் மேல்முறையீட்டு நீதிமன்றம் என்று தனியாக ஒன்று இருந்தது. உச்ச நீதிமன்ற நீதிபதி ஒருவர், உயர் நீதிமன்ற நீதிபதிகள் இருவர் சேர்ந்து அமரும் மூவர் அமர்வு அது. அதற்குக் குறி ஐஇசிசிஏ. உச்ச நீதிமன்றக் குறியை மட்டும் தேர்ந்தெடுத்துத் தேடினால், உச்ச நீதிமன்ற நீதிபதி ஒருவர் அங்கே எழுதிய தண்டனைத் தீர்ப்புகள் ஒன்றுகூட வராது. 2014 அக்டோபர் 28 அன்று புதிய மேல்முறையீட்டு நீதிமன்றம் தொடங்கியதும் அந்தப் பழைய அமைப்பின் வேலை இதற்கு மாறியது. புதிய நீதிமன்றத்துக்கு வழி போட்டதும் டென்ஹாம் தலைமையில் முன்பு நடந்த இன்னொரு பணிக்குழுவின் அறிக்கைதான். அது 2009இல் வெளியானது. 2013 அக்டோபரில் மக்கள் வாக்கெடுப்பு நடந்து, 33ஆவது அரசமைப்புத் திருத்தமாக நிறைவேறியது.

அந்தத் திருத்தத்துக்குப் பின் உச்ச நீதிமன்றத்தின் வேலையே மாறிவிட்டது. முன்பு உயர் நீதிமன்றத்திலிருந்து வந்த மேல்முறையீடுகளை எல்லாம் கேட்டாக வேண்டியிருந்தது. வழக்குகள் ஆண்டுக்கணக்கில் வரிசையில் நின்றன. இப்போது பொது முக்கியத்துவம் உள்ள சட்டக் கேள்வி இருந்தாலோ, நீதியின் நலன் கோரினாலோதான் அனுமதி கிடைக்கும். அனுமதி தருவதா மறுப்பதா என்ற முடிவுகளும் வெளியாகின்றன, ஆனால் ஐஇஎஸ்சிடெட் என்ற வேறு குறியில். தலைமை நீதிபதியாக டென்ஹாமின் கடைசி மூன்று ஆண்டுகளை எடைபோட வேண்டுமானால் இவற்றையும் திறக்க வேண்டும். எந்தக் கேள்வியை நீதிமன்றம் கேட்கவே மறுத்தது என்பது சில நேரம் தீர்ப்பைவிட அதிகம் பேசும். தனி ஆசிரியர் பெயரைத் தேடி இவற்றில் நேரம் செலவிட வேண்டாம். மூவர் சேர்ந்து தரும் முடிவு இது.

இனி எவ்வளவு தேடினாலும் கிடைக்காத ஒன்று. அதற்குத் தளத்தைக் குறை சொல்ல முடியாது, அரசமைப்பே கதவைச் சாத்தி வைத்திருந்தது. இப்போதைய அரசமைப்பு வந்த 1937க்குப் பின் இயற்றப்பட்ட சட்டம் ஒன்று அரசமைப்புக்கு உட்பட்டதா என்ற கேள்வியில், உச்ச நீதிமன்றம் ஒரே தீர்ப்புதான் தர வேண்டும், வேறு கருத்து இருந்ததா என்பதைக்கூட வெளியிடக் கூடாது என்ற விதி 2013 வரை இருந்தது. 33ஆவது திருத்தம்தான் அதை நீக்கியது. குடியரசுத் தலைவர் ஒரு மசோதாவை 26ஆவது உறுப்பின்படி நீதிமன்றத்துக்கு அனுப்பும்போது மட்டும் அந்த விதி இன்றும் உயிரோடு இருக்கிறது. 2013 ஏப்ரல் 29 அன்று வந்த, தற்கொலைக்கு உதவுவதைக் குற்றமாக்கும் சட்டப்பிரிவு பற்றிய தீர்ப்பை எடுத்துக்கொள்ளுங்கள். எண் 2013இன் 19. அதை வாசித்தவர் டென்ஹாம். ஆனால் மேலே நீதிமன்றத்தின் தீர்ப்பு என்றுதான் இருக்கும். அமர்வில் இருந்த ஏழு பேரில் யாராவது மாறுபட்டார்களா? தெரியாது, தெரியவும் வழியில்லை. அதில் உள்ள ஒவ்வொரு வாக்கியத்தையும் டென்ஹாமின் சொந்தக் கருத்து என்று மேற்கோள் காட்டுவது தவறு. இப்படி எழுதப்பட்ட கட்டுரைகள் எத்தனையோ இருக்கின்றன.

இந்த விதி பொருந்தாத வழக்குகளில்தான் அவருடைய குரல் தெளிவாகக் கேட்கும். 2001 டிசம்பர் 17ஆம் தேதித் தீர்ப்பு அதற்கு முதன்மையான எடுத்துக்காட்டு. அந்த ஆண்டின் 101ஆம் எண். சிறப்புப் பராமரிப்பு தேவைப்பட்ட சிறுவர்களுக்குப் பாதுகாப்பான இல்லங்களைக் குறித்த காலத்துக்குள் கட்டி முடிக்கும்படி உயர் நீதிமன்றம் அமைச்சருக்கு நேரடியாக ஆணையிட்டிருந்தது. கொள்கை வகுப்பது அரசின் வேலை என்று சொல்லி உச்ச நீதிமன்றம் நான்குக்கு ஒன்று என்று அந்த ஆணையை ரத்து செய்தது. அந்த ஒருவர் டென்ஹாம். தளத்தின் பயனைப் பார்க்க இந்த ஒரு வழக்கே போதும். அவருடைய மாறுபட்ட தீர்ப்பையும் ஹார்டிமனின் பெரும்பான்மைத் தீர்ப்பையும் அடுத்தடுத்துத் திறந்து படித்தால், அதிகாரப் பிரிவினை பற்றி அந்த நீதிமன்றத்துக்குள் நடந்த வாதம் அப்படியே கண்முன் நிற்கும். எழுத்தின் சுவைக்காகவும் படிக்கலாம். ஹார்டிமன் எழுத்தில் காரம் அதிகம். டென்ஹாம் தலைப்பு போட்டு, எண் போட்டு, நிதானமாக அடுக்கிக்கொண்டே போவார்.

தேதி வடிகட்டியைக் கையாளும்போது ஒரு எச்சரிக்கை. தீர்ப்பு சொன்ன நாளும் காரணங்களைத் தந்த நாளும் எப்போதும் ஒன்றல்ல. 2012 நவம்பர் 10 அன்று குழந்தைகள் உரிமை குறித்த வாக்கெடுப்பு நடந்தது. அதற்காக அரசு 11 லட்சம் யூரோ செலவில் நடத்திய தகவல் பிரசாரத்தின் கையேடும் இணையதளமும் நடுநிலையாக இல்லை என்று உச்ச நீதிமன்றம் நவம்பர் 8 அன்றே சுருக்கமாக அறிவித்துவிட்டது. வாக்களிப்புக்கு இரண்டே நாள் இருந்த நிலையில் அவ்வளவுதான் செய்ய முடியும். விரிவான காரணங்கள் டிசம்பர் 11 அன்று, 2012இன் 53ஆம் எண்ணாக, நீதிபதிகள் பலர் தனித்தனியே எழுதி வந்தன. நவம்பர் மாதத்தை மட்டும் வடிகட்டித் தேடுகிறவர் காரணங்களைத் தவறவிடுவார். முக்கிய வழக்கு எதுவானாலும் முடிவு நாளிலிருந்து குறைந்தது மூன்று மாதம் வரை நீட்டித்துத் தேடுவது நல்லது. தேடும் தாளில் இரண்டு தேதிகளுக்கும் தனித்தனிக் கட்டம் போட்டுக்கொண்டால் பின்னால் குழப்பம் வராது.

இப்போது பெரிய ஓட்டை. 1991 முதல் 2000 வரை. தளத்தில் 2001க்கு முந்தைய தீர்ப்புகள் பெரும்பாலும் இல்லை. டென்ஹாமின் பணிக்காலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இப்படிக் காணாமல் போகிறது. அதிலும் அவர் பெயரை நிலைநிறுத்திய தீர்ப்பு இந்தக் காலத்தில்தான் வந்தது. 1972இல் ஒரு சிறு அறுவைச் சிகிச்சையின்போது மூளை பாதிக்கப்பட்டு, இருபதாண்டுகளுக்கு மேல் ஏறக்குறைய உணர்வற்ற நிலையில் குழாய் வழி உணவோடு வாழ்ந்த ஒரு பெண்ணுக்கு அந்தச் செயற்கை உணவூட்டலை நிறுத்தலாமா என்ற வழக்கு அது. 1995 ஜூலையில் நான்குக்கு ஒன்று என்று நிறுத்தலாம் என முடிவானது. பெரும்பான்மையில் டென்ஹாமும் இருந்தார். உடல்மீதான உரிமை, தனியுரிமை, கண்ணியம் ஆகியவற்றை அங்கே அவர் விளக்கியது இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது.

இதைப் படிக்க பெய்லி என்ற இலவசச் சட்டத் தளத்துக்குப் போக வேண்டும். பிரிட்டன், அயர்லாந்துத் தீர்ப்புகள் அங்கே இருக்கின்றன, பழையவையும் ஓரளவு உண்டு. அங்கே இந்த வழக்குக்கு 1995இன் 1ஆம் எண் என்று குறி இருக்கும். அது பின்னாளில் ஒட்டிய எண். தீர்ப்பு வந்த காலத்தில் அப்படி ஒரு முறையே கிடையாது. முறையான மேற்கோள் ஐரிஷ் ரிப்போர்ட்ஸ் என்ற தீர்ப்புத் தொகுப்பு வரிசையில் உள்ளது, 1996ஆம் ஆண்டு, 2ஆம் தொகுதி, 79ஆம் பக்கம். கட்டுரை எழுதுகிறவர்கள் இதையே தர வேண்டும். பெய்லியில் பத்தி எண் இல்லாத பழைய தீர்ப்புகளில் குறிப்பிட்ட வரியைச் சுட்ட ஐரிஷ் ரிப்போர்ட்ஸின் பக்க எண் தேவைப்படும். அது கட்டணச் சேவை. பல்கலைக்கழக நூலகமோ சட்ட நூலகமோ கைக்கெட்டும் தூரத்தில் இல்லாதவர்களுக்கு இதுதான் நிஜமான தடை.

வாய்மொழியாக அப்போதே சொல்லப்படும் தீர்ப்புகள் பல வெளியாவதே இல்லை. உயர் நீதிமன்றத்துக்குக் கீழே உள்ள மாவட்ட, சர்க்கியூட் நீதிமன்றங்களின் எழுத்துத் தீர்ப்பும் அரிது. டென்ஹாம் நேரே உயர் நீதிமன்றத்துக்கு வந்தவர் என்பதால் இந்தக் குறை அவர் விஷயத்தில் பெரிதாகத் தெரியாது. சர்க்கியூட் நீதிமன்றத்திலிருந்து மேலே வந்தவர்களுடைய ஆரம்ப ஆண்டுகள் கிட்டத்தட்ட வெற்றுத் தாள்தான்.

தளத்தில் உள்ள நீதிபதிகளின் வாழ்க்கைக் குறிப்புப் பக்கங்கள் மெலிவானவை. பதவித் தேதிகளுக்கு அவற்றை மட்டும் நம்பினால் போதாது. நீதிபதி நியமனத்துக்கு மூன்று தேதிகள் உண்டு என்பதைப் பலரும் மறக்கிறார்கள். அரசு பெயரை முடிவு செய்யும் நாள் ஒன்று, குடியரசுத் தலைவர் நியமிக்கும் நாள் இன்னொன்று, உறுதிமொழி எடுக்கும் நாள் மூன்றாவது. குடியரசுத் தலைவர் வேறு நாள் குறிக்காவிட்டால், நியமனமாகிப் பத்து நாளுக்குள் உறுதிமொழி எடுத்தாக வேண்டும் என்பது அரசமைப்பு. தலைமை நீதிபதி குடியரசுத் தலைவர் முன்னிலையில் எடுப்பார், மற்றவர்கள் திறந்த நீதிமன்றத்தில் தலைமை நீதிபதி முன்னிலையில் எடுப்பார்கள். நாளிதழ்கள் முதல் தேதியையே பெரும்பாலும் நியமன நாளாகப் போட்டுவிடும். ஓய்வு வயதிலும் ஒரு சிக்கல். 1995 சட்டம் அதை 70 ஆக்கியது, ஆனால் அதற்கு முன்பே நீதிபதியானவர்களுக்குப் பழைய 72 தொடர்ந்தது. 1945 ஆகஸ்டில் பிறந்த டென்ஹாம் 2017 வரை இருந்ததன் கணக்கு இதுதான். 70 என்று போட்டுக் கணக்கிட்டால் கடைசி இரண்டு ஆண்டுத் தீர்ப்புகள் பட்டியலிலிருந்து விழுந்துவிடும்.

தளத்திலேயே மிகவும் உருப்படியான, ஆனால் வெளியார் அதிகம் தொடாத பகுதி லீகல் டயரி. எந்த வழக்கு எந்த நாள், எந்த அறையில் என்று அதில் பார்க்கலாம். டப்ளினில் லிஃபி ஆற்றங்கரையில் இன்ஸ் கீ தெருவில் உள்ள ஃபோர் கோர்ட்ஸ் கட்டடத்துக்குப் போய், பதவியில் இருக்கும் நீதிபதி ஒருவர் வழக்குரைஞரை எப்படிக் கேள்வி கேட்கிறார் என்று நேரில் பார்க்க விரும்புவோர் இதைப் பார்த்துவிட்டே கிளம்ப வேண்டும். நீதி பொதுவெளியில் வழங்கப்பட வேண்டும் என்பது அரசமைப்பு விதி என்பதால், சட்டம் விலக்கிய வழக்குகள் தவிர மற்றவற்றில் யாரும் பின்வரிசையில் உட்காரலாம். ஆகஸ்ட், செப்டம்பரில் போகாதீர்கள், நீண்ட விடுமுறை. அக்டோபர் முதல் திங்களில்தான் புதிய சட்ட ஆண்டு பிறக்கும். ஜூலை கடைசியில் விடுமுறைக்கு முன் தீர்ப்புகள் குவியும். உள்ளே உட்கார்ந்து கைபேசியில் நடப்பதை எழுதி அனுப்ப 2018 முதல் பத்திரிகையாளர்களுக்கும் வழக்குரைஞர்களுக்கும்தான் அனுமதி. நோட்டும் பேனாவும் போதும். நீதிபதிகள் தலையில் வெள்ளை விக் எதிர்பார்த்துப் போகிறவர்கள் ஏமாறுவார்கள், 2011லேயே அது போய்விட்டது.

மதிப்பெண் போட வேண்டுமானால், வழக்கைத் தேடுவதற்கு ஐந்துக்கு நாலரை. நீதிபதியைத் தேடுவதற்கு மூன்றுக்கு மேல் கொடுக்க மனம் வரவில்லை. எழுதியவை, ஒப்புக்கொண்டவை, மாறுபட்டவை என்று நீதிபதிவாரியாகப் பிரித்த ஒரு பட்டியல் வந்தால் நாலு கொடுக்கலாம். 1990களின் தீர்ப்புகளையும் ஏற்றிவிட்டால் இன்னும் அரை கூட்டலாம். காணொளிக்கு மதிப்பெண்ணே இல்லை, டென்ஹாமைப் பொறுத்தவரை. உச்ச நீதிமன்றம் தன் தீர்ப்பு வாசிப்பை முதன்முதலில் நேரலையில் ஒளிபரப்பியது 2017 அக்டோபரில். அவர் இருக்கையை விட்டு எழுந்து அப்போது மூன்று மாதம்கூட ஆகியிருக்கவில்லை.